ஆரம்பகால ஜாஸ்: எந்த ரீமாஸ்டர் தொகுப்பை வாங்குவது, எப்படிக் கேட்பது

'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' என்று எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பில் தேடினாலும் நீளமான பட்டியல் ஒன்று வந்து நிற்கும். லூயி ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஓகே (OKeh) என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக வாசித்த அதே மூன்று சொச்ச நிமிடங்கள்தான் எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் ஒன்றில் ட்ரம்பெட் முகத்துக்கு நேரே நின்று ஊதுகிறது. இன்னொன்றில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து வருகிறது. மூன்றாவதில் காலியான கல்யாண மண்டபத்தில் வாசித்தது போல எதிரொலிக்கிறது. நீளம்கூட ஒன்றுக்கொன்று சில நொடி மாறும். புதிதாக வருபவர் எதைத் தொடுகிறாரோ அதுதான் அவருக்கு ஆம்ஸ்ட்ராங். மோசமான ஒன்று முதலில் சிக்கிவிட்டால், 'பழசு என்றால் இப்படித்தான் இருக்கும் போல' என்று மூடி வைத்துவிடுவார். அப்படி நின்றுபோனவர்கள் நிறைய. அவர்கள் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவே இல்லை.

ஒரு பழைய பதிவின் ரீமாஸ்டர், அதாவது ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்ட பதிப்பு, தேறுவதும் கெடுவதும் மூன்று இடங்களில் முடிவாகிறது: எந்தத் தட்டிலிருந்து எடுத்தார்கள், என்ன வேகத்தில் சுழற்றினார்கள், இரைச்சலை எவ்வளவு துடைத்தார்கள். இவற்றில் மூன்றாவதில்தான் பெரும்பாலானவை கெடுகின்றன.

முதல் படி: பதிவான ஆண்டைப் பாருங்கள்

தொகுப்பின் உறையில் பாட்டுக்குப் பக்கத்தில் தேதி இருக்கும். 1925 என்பது எல்லைக்கோடு. அதற்கு முன் மைக் கிடையாது. கலைஞர்கள் பெரிய கூம்பு ஒன்றின் வாயைப் பார்த்து வாசித்தார்கள். அந்த ஒலியின் அழுத்தமே கூம்பின் குறுகிய முனையில் இருந்த சவ்வை அசைத்து, மெழுகுத் தட்டில் வரிப்பள்ளத்தை வெட்டியது. இப்படிப் பதிவானதில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,000, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் பெரிதாக ஒன்றும் இருக்காது. பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் வெட்டும் ஊசி தடுமாறும் என்பதால் டிரம் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் மரக்கட்டைதான் மிச்சம். கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் ஜெனட் கம்பெனிக்கு வாசித்தபோது நடந்தது இதுதான். பேபி டாட்ஸ் என்ற அருமையான டிரம் கலைஞர் அந்த அறையிலேயே இருந்தார். அவருடைய முழு வாசிப்பு தட்டில் ஏறவே இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1923 பதிவைப் போட்டுவிட்டு 'பேஸ் இல்லையே' என்று ஈக்குவலைசரில் கீழ்ப்பக்கத்தை ஏற்றினால், தட்டு சுழன்ற உறுமல்தான் பெரிதாகும். பதிவாகாத ஒலியை எந்த ரீமாஸ்டரும் கொண்டுவர முடியாது. கொண்டுவந்ததாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

1925இல் விக்டரும் கொலம்பியாவும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்சாரப் பதிவு முறைக்கு மாறின. மைக், ஆம்ப்ளிஃபயர், மின்காந்த வெட்டுக் கருவி எல்லாம் வந்தன; மேல் எல்லை 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியது; டியூபாவும் டிரம்மும் உருவத்தோடு கேட்கத் தொடங்கின. ஓகே கம்பெனி மட்டும் கொஞ்ச காலம் சொந்த மின்சார முறையை வைத்துத் தடுமாறியது. 1926 நவம்பரில் கொலம்பியா அதை வாங்கிய பிறகுதான் ஒலி திருந்தியது. ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவின் முதல் பதிவுகள் 1925 நவம்பர் 12ஆம் தேதியவை. அவற்றுக்கும் 1927 மே மாத ஹாட் செவன் பதிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே குறுந்தட்டுப் பெட்டிக்குள்ளேயே கேட்கலாம். முன்னதில் டிரம்மும் டியூபாவும் குழுவிலேயே கிடையாது. பின்னதில் இரண்டும் உண்டு. இது ரீமாஸ்டர் செய்தவரின் குறை என்று எண்ணிப் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

இரண்டாம் படி: மூலத் தட்டு எது என்று கேளுங்கள்

மெழுகில் வெட்டியதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதை வைத்து விற்பனைத் தட்டுகளை அழுத்தினார்கள். ரீமாஸ்டருக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மிக உயர்ந்தது அந்த உலோக அச்சு. அடுத்தது கம்பெனி சோதனைக்காக அழுத்திப் பார்த்த ஒன்றிரண்டு தட்டுகள். அதற்கும் அடுத்தது கடையில் விற்று, யாரோ ஒருவர் வீட்டில் தேயாமல் தப்பிய தட்டு. கடைசி இடம், 1950களிலோ 60களிலோ யாரோ போட்ட எல்பியிலிருந்து திரும்பப் பிரதி எடுத்தது.

விற்பனைத் தட்டு என்றால் அரக்குத் தட்டு. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. அரக்கோடு கல் தூளையும் கலந்தார்கள். எஃகு ஊசியின் முனை முதல் சில சுற்றிலேயே பள்ளத்தின் உருவுக்குத் தேய வேண்டும் என்பதற்காகவே அந்தச் சொரசொரப்பு. ஆகவே பழைய தட்டின் இரைச்சல் முழுவதும் வயதால் வந்ததல்ல, பிறக்கும்போதே இருந்தது. அதற்கு மேல், ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றாமல் தேய்ந்த ஊசியாலேயே திரும்பத் திரும்ப ஓட்டியவர்கள் பள்ளத்தின் சுவரையே அரைத்துவிட்டார்கள். அப்படி அரைபட்ட இடத்தில், ட்ரம்பெட் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் 'ர்ர்ர்' என்று கிழியும். எந்த மென்பொருளும் அதை முழுதாகச் சரிசெய்யாது.

கம்பெனிக்குக் கம்பெனி நிலைமை வேறு. விக்டர், கொலம்பியா, ஓகே ஆகியவற்றின் பதிவுகள் இன்று சோனியின் கையில் இருக்கின்றன. உலோக அச்சுகளில் ஒரு பகுதி தப்பியது. ஜெனட், பாரமவுண்ட் ஆகியவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாரமவுண்ட் என்பது விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனி ஒன்று நடத்திய இசைத்தட்டு லேபிள். அது மலிவான கலவையில் அழுத்திய தட்டுகள் புதிதாக இருந்தபோதே கரகரத்தன. கிங் ஆலிவரின் 'சூலூஸ் பால்', 'வொர்க்கிங்மேன் ப்ளூஸ்' இரண்டும் இருபக்கமாக உள்ள ஜெனட் 5275 எண் தட்டில் இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிவது ஒரே ஒரு பிரதி. எந்தத் தொகுப்பில் அந்த இரண்டைக் கேட்டாலும் அந்த ஒரே தட்டைத்தான் கேட்கிறீர்கள். அங்கே இரைச்சல் அதிகம் என்று ஒரு தொகுப்பைத் தள்ளிவிடாதீர்கள். அந்தத் தட்டும் உடைந்திருந்தால் அந்த இரண்டு பாட்டும் இன்று வெறும் பெயராகத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: எங்கே தொடங்குவது

முதல் பெட்டியாக ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளை வாங்குங்கள். ஜேஎஸ்பி என்ற பிரிட்டிஷ் லேபிள் 1999இல் வெளியிட்ட நான்கு குறுந்தட்டுப் பெட்டி இதற்கு ஏற்றது. ரீமாஸ்டர் செய்தவர் ஜான் ஆர். டி. டேவிஸ் (1927–2004). அவரே சாக்ஸபோன் வாசித்தவர். கணினி வருவதற்கு முன், டேப்பில் ஒவ்வொரு 'டக்' சத்தமும் விழும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தின் காந்தப் பூச்சைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்தே பாட்டைச் சுத்தம் செய்தவர். அதனால் அவர் கைபட்டதில் 'டக் டக்' குறைந்திருக்கும், இரைச்சல் ஓரளவு அப்படியே இருக்கும், வாத்தியங்களின் மேல்பகுதி உயிரோடு இருக்கும். அதே பதிவுகளை கொலம்பியா 2000இல் நான்கு குறுந்தட்டாகப் போட்டது. அதன் புத்தகமும் உறையும் அழகு. காதுக்கு ஜேஎஸ்பி பெட்டியையே நாங்கள் முன்னால் வைப்போம்.

இரண்டாவது, ஜெல்லி ரோல் மார்ட்டன். 1926 செப்டம்பர் 15 முதல் ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவோடு விக்டருக்கு வாசித்தவை. விக்டரின் பதிவறையும் தட்டின் தரமும் அந்தக் காலத்தில் முதல் வரிசை. ஆகவே இரைச்சலுக்குக் காது பழகாதவர்களுக்கு இதுவே எளிய வாசல். 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' போட்டால் ஒரு நிமிடத்தில் கால் தானாகத் தாளம் போடும். இதற்கும் டேவிஸ் செய்த ஐந்து குறுந்தட்டு ஜேஎஸ்பி பெட்டி உண்டு.

மூன்றாவதாக கிங் ஆலிவர் 1923. இதைக் கொஞ்சம் காது பழகிய பிறகு எடுங்கள். ஜெனட், ஓகே, கொலம்பியா, பாரமவுண்ட் என்று அந்த ஒரே ஆண்டில் சிதறிக் கிடக்கும் 37 தட்டுப் பக்கங்களையும் ஆர்க்கியோஃபோன் லேபிள் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஆஃப் த ரெக்கார்ட்' இரட்டைக் குறுந்தட்டு ஒன்றாகச் சேர்த்தது. வருடக்கணக்காக 'களிமண் ஒலி' என்று ஒதுக்கிய பதிவுகளில் ஆலிவர், ஆம்ஸ்ட்ராங் இருவரின் கார்னெட்டுகளும் (ட்ரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவி) தனித்தனியாகக் கேட்டது அதன் பிறகுதான். 'சைம்ஸ் ப்ளூஸ்' பாட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தனி வாசிப்பு இருக்கிறது. அவருக்கு அப்போது 21 வயது.

கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக் பக்கம் போக விரும்பினால், அவருடைய ஓகே காலப் பதிவுகளை மொசைக் லேபிள் 2001இல் ஏழு குறுந்தட்டாகப் போட்டது. மொசைக் எப்போதும் எண்ணிக்கை வைத்துத்தான் அச்சிடும். தீர்ந்துவிட்டால் பழைய சந்தையில் விலை ஏறும். கிடைக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம்; 1927 பிப்ரவரி 4ஆம் தேதிய 'சிங்கின் த ப்ளூஸ்' பதிவு நல்ல தரத்தில் வேறு பல தொகுப்புகளிலும் உண்டு.

1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் பதிவு செய்ததுதான் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டு என்பார்கள். சரித்திரத்துக்காக ஒருமுறை கேளுங்கள். கிளாரினெட் சேவலாகக் கூவும், கார்னெட் குதிரையாகக் கனைக்கும், ட்ராம்போன் மாடாகக் கத்தும். தொடக்கமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

'கம்ப்ளீட்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். ட்யூக் எலிங்டன் 'பிளாக் அண்ட் டேன் ஃபேண்டஸி'யை 1927ஆம் ஆண்டிலேயே பிரன்ஸ்விக், விக்டர், ஓகே என்று மூன்று கம்பெனிக்கும் தனித்தனியாக வாசித்தார். ஆர்சிஏ விக்டர் 1999இல் 24 குறுந்தட்டில் முழுத் தொகுப்பு போட்டது. அதில் இருப்பது விக்டரின் பங்கு மட்டும். மற்ற இரண்டும் வேறு பெட்டிகளில் இருக்கின்றன.

நான்காம் படி: உறையைப் படியுங்கள்

வாங்கும் முன் பின்னட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவான தேதி, ஊர், மேட்ரிக்ஸ் எண், வாசித்தவர்களின் பெயர் இருக்க வேண்டும். தட்டைக் கொடுத்த சேகரிப்பாளருக்கு நன்றி சொல்லியிருந்தால் நல்ல அறிகுறி, மூலத் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒலி சீர்செய்தவரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் போட்டுக்கொள்ள யாரும் முன்வராத ரீமாஸ்டர், பெரும்பாலும் இன்னொருவர் உழைத்ததைப் பிரதி எடுத்ததுதான். நூறு பாட்டு, இருநூறு பாட்டு என்று அடிமாட்டு விலைக்கு வரும் பெட்டிகளில் இது சாதாரணமாக நடக்கிறது. பிரதி எடுத்ததோடு நிற்காமல், அடையாளம் தெரியக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் இரைச்சலைத் துடைத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்து அனுப்புகிறார்கள்.

மேட்ரிக்ஸ் எண் என்பது பதிவறையில் மெழுகுக்கு இட்ட எண். கடையில் விற்ற தட்டின் லேபிள் எண் வேறு. ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை வாசித்திருந்தால் மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் பின்னால் 1, 2 அல்லது ஏ, பி என்று டேக் அடையாளம் வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா கிளை நடத்தும் அமெரிக்கப் பழம்பதிவு விவரப் பட்டியலில் இந்த எண்ணை இட்டுத் தேடினால் நாளும் இடமும் வந்துவிடும். இலவசம்தான். சந்தேகம் வந்தால் முதலில் அங்கே போங்கள்.

பிரான்ஸின் 'கிளாசிக்ஸ்' வரிசை ஒவ்வொரு கலைஞரையும் தேதி வரிசைப்படி அடுக்கியது. தேடுவதற்கு அற்புதம். ஒலி மட்டும் ஒரு குறுந்தட்டுக்குள்ளேயே பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்கும். மாற்று டேக்குகளும் இருக்காது. அலமாரியில் அகராதி போல வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கேட்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள்

ஃபோனில் 'பேஸ் பூஸ்ட்', 'சரவுண்ட்', 'அட்மாஸ்' என்று என்ன இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பதிவு மோனோ. நல்ல ஸ்பீக்கர் ஒன்று போதும். இரண்டு இருந்தால் நடுவில் உட்காருங்கள், ஒலி ஒரே புள்ளியிலிருந்து வரும். ஹெட்ஃபோனில் தலைக்கு நடுவே கேட்கும், அது இயல்பு.

எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாமல், முடிந்தால் ஃபிளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை). இங்கே அதற்குத் தனிக் காரணம் உண்டு. இரைச்சலைச் சுருக்குவது கடினம். 128 கேபிபிஎஸ்ஸில் கிடைக்கும் இடத்தில் பாதியை இரைச்சலே விழுங்கிவிட, கிளாரினெட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். புதுப் பாட்டில் தெரியாத சேதம் 1923 பதிவில் பளிச்சென்று தெரியும்.

சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் இரைச்சல் மட்டுமே கேட்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் காது அதை மழைச் சத்தம் போல ஒதுக்கிவிட்டு வாத்தியங்களைப் பிடித்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் நடப்பது. ஒரு பாட்டைக் கேட்டு முடிவு கட்டாமல் ஒரே அமர்வில் ஐந்தாறு பாட்டாவது கேளுங்கள். அப்படியும் தொந்தரவாக இருந்தால் ஈக்குவலைசரில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் குறையுங்கள். 1920களின் பதிவில் அங்கே இசை கிடையாது, இரைச்சல்தான் இருக்கிறது.

ஆறாம் படி: ஒரே பாட்டை வைத்துச் சோதியுங்கள்

இனி 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பக்கம் திரும்புவோம். இரண்டு மூன்று ரீமாஸ்டர்களை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைச் சமமாக்குவது முக்கியம். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலத் தோன்றி ஏமாற்றும்.

தொடக்கத்தில் சுமார் 12 நொடிக்கு ஆம்ஸ்ட்ராங் தனியாக ஊதுகிறார், கூட எந்த வாத்தியமும் இல்லை. அதனால் இதைவிட நல்ல சோதனை இடம் கிடைக்காது. அவர் ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் இரைச்சல் ஒரே சீராக ஓடுகிறதா, அல்லது ட்ரம்பெட்டோடு சேர்ந்து எழுந்து அடங்குகிறதா? எழுந்து அடங்கினால், தானியங்கி இரைச்சல் நீக்கி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கதவைத் திறந்து மூடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட ரீமாஸ்டரைத் தொடர்ந்து கேட்டால் காரணம் தெரியாமலே களைப்பு வரும்.

உச்ச ஸ்வரங்களில் ட்ரம்பெட்டின் கூர்மை மழுங்கிச் சற்றே நொறுங்கியது போல இருந்தால், 'டக்' நீக்கி தப்பு செய்திருக்கிறது. ட்ரம்பெட்டின் அலைவடிவம் இயல்பாகவே ஊசி ஊசியாக இருக்கும். மென்பொருளுக்கு அந்த ஊசிக்கும் தட்டின் கீறலுக்கும் வேறுபாடு தெரியாது, வெட்டி எறிந்துவிடும்.

அடுத்து ஃப்ரெட் ராபின்சனின் ட்ராம்போன். அதன் பின்னால் ஸட்டி சிங்கிள்டன் கையடக்கச் சிம்பலால் 'க்ளாப், க்ளாப்' என்று குதிரைக் குளம்படி போலத் தட்டுகிறார். குட்டையான, காய்ந்த சத்தம். அதையும் கீறல் என்று நினைத்து மென்பொருள் தின்றிருக்கலாம். ஒவ்வொரு தட்டும் ஒரே பலத்தில், உருவத்தோடு கேட்டால் நல்லது. பாட்டின் கடைசியில், எல்லாம் அடங்கிய பிறகு, அதே சிம்பல் ஒருமுறை தட்டி முடித்து வைக்கும். அந்தத் தட்டு விழும் முன்பே ஒலியைத் தணித்துப் பாட்டை முடித்திருந்தால், அதைச் செய்தவர் பாட்டைக் கடைசிவரை கேட்கவில்லை.

பிறகு ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. ஒரு ஸ்வரம் அடித்து, அது தேய்ந்து இரைச்சலுக்குள் மறைவது வரை பின்தொடருங்கள். நல்ல ரீமாஸ்டரில் அது இயல்பாகக் கரையும். அதிகம் துடைத்ததில் பாதியிலேயே அறுபடும், அல்லது வால்பகுதியில் தண்ணீருக்குள்ளிருந்து குருவிகள் கீச்சிடுவது போல மினுமினுப்பு கேட்கும். இந்தக் குருவிச் சத்தம் தட்டில் இருந்ததல்ல. இரைச்சலைக் கழித்த கணக்கின் மிச்சம். ஒருமுறை அதைக் காதில் பிடித்துவிட்டால் பிறகு எங்கிருந்தாலும் தெரியும்.

ஏழாம் படி: சுருதியை வைத்து வேகத்தைச் சோதியுங்கள்

'78', அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று, என்று சொன்னாலும் அந்தக் காலத்தில் எல்லாத் தட்டும் 78இல் வெட்டப்பட்டவை அல்ல. பின்னாளில் அமெரிக்காவில் நிலைத்தது 78.26. அதற்கு முன் 76, 80 என்று கம்பெனியைப் பொறுத்தும் நாளைப் பொறுத்தும் மாறியது. 80இல் வெட்டியதை 78.26இல் ஓட்டினால் 2.2 சதவீதம் மெதுவாகும். சுருதி கிட்டத்தட்ட 38 சென்ட் இறங்கும். மூன்று நிமிடப் பாட்டு நான்கு நொடி நீளும். 100 சென்ட் என்பது அரை ஸ்வரம். 38 சென்ட் இறங்கியதை எல்லோரும் உணர்ந்து சொல்லமாட்டார்கள். ஆனால் பாட்டு சோம்பலாக இருப்பது போலத் தோன்றும்; குற்றம் வாசித்தவர் மேல் விழும்.

சோதிப்பது எளிது. ஃபோனில் இலவச ட்யூனர் ஆப் ஒன்றை இறக்கி, ஏ 440 என்று வையுங்கள். 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' ஈ ஃபிளாட் சுருதியில் உள்ள பாட்டு. கடைசிச் சுற்றில் ஆம்ஸ்ட்ராங் ஏறக்குறைய நான்கு அளவைகளுக்கு (தாளப் பகுதிகளுக்கு) ஒரே ஸ்வரத்தை அசையாமல் பிடித்து நிற்கிறார். அது மேல் பி ஃபிளாட். ஆப்பில் அது ஏ ஷார்ப் என்றும் காட்டலாம், இரண்டும் ஒன்றே. முள் நடுவிலிருந்து 10, 15 சென்ட் தள்ளி நின்றால் பரவாயில்லை. 30க்கு மேல் தள்ளி நின்றால் வேகம் தப்பு. ஒரே ஸ்வரத்தை வைத்து முடிவு செய்யாமல் பியானோ வரும் இடத்திலும் இரண்டு மூன்று ஸ்வரம் பாருங்கள். பியானோ கொஞ்சம் சுருதி தவறி இருந்திருக்கலாம். ஆனால் எல்லா ஸ்வரமும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளி நின்றால் சுழற்சிதான் காரணம். திருத்த, ஒரு சதவீதத்துக்கு 17 சென்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 34 சென்ட் இறங்கியிருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தை 2 சதவீதம் கூட்டினால் போதும். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள். வேகமும் சுருதியும் சேர்ந்து மாற வேண்டும்.

போலி ஸ்டீரியோவைப் பிடிப்பது

1980களில் ஆஸ்திரேலிய ஒலிப் பொறியாளர் ராபர்ட் பார்க்கர், பழைய ஜாஸை 'டிஜிட்டல் ஸ்டீரியோ' என்ற பெயரில் எதிரொலி சேர்த்து வெளியிட்டார். பல பேரை இந்த இசைக்கு அழைத்து வந்த புண்ணியம் அந்த வரிசைக்கு உண்டு. ஆனால் அந்த எதிரொலி சிகாகோவிலோ ரிச்மண்டிலோ இருந்த அறையின் ஒலி அல்ல. சேர்த்ததைக் கேட்பவரால் பிரித்தெடுக்கவும் முடியாது.

உங்களிடம் உள்ளது எப்படி என்று பார்க்க, கோப்பை ஆடாசிட்டியில் திறந்து, இடது வலது தடங்களை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தலைகீழாக்குங்கள். இரண்டையும் கலந்து ஓட்டுங்கள். முழு மௌனம் வந்தால் உண்மையான மோனோ. மங்கலாக எதிரொலி மட்டும் மிஞ்சினால் அதுதான் பின்னால் சேர்த்தது. இரைச்சலும் 'டக் டக்'கும் மட்டும் மிஞ்சினால், தட்டை ஸ்டீரியோ ஊசியால் எடுத்து மோனோவாக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு தடத்தையும் கூட்டி மோனோவாக்கினால் இரைச்சல் கணிசமாகக் குறையும், இசைக்கு ஒன்றும் ஆகாது. கைச்செலவில்லாத நல்ல திருத்தம் இது.

நீங்களே கொஞ்சம் துடைக்க விரும்பினால்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்' தளத்தில் விக்டரின் 1925 வரையிலான பதிவுகள் ஆயிரக்கணக்கில் கேட்கக் கிடைக்கின்றன. இண்டர்நெட் ஆர்க்கைவில் ஒரே தட்டைப் பல அளவு ஊசிகளால் எடுத்த கோப்புகளை வைத்திருக்கிறார்கள். ஊசி மாறினால் பள்ளத்தின் வேறு உயரத்தைத் தொடும். தேயாத இடத்தைத் தொட்ட ஊசியின் கோப்பு திடீரென்று தெளிவாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுங்கள். எந்த மென்பொருளும் செய்யும் வேலையைவிட இந்தத் தேர்வு பெரிது. அமெரிக்கச் சட்டப்படி 1923இல் வெளியான பதிவுகள் 2024 ஜனவரி 1 அன்றும், 1924இல் வெளியானவை 2025 ஜனவரி 1 அன்றும் பொதுச் சொத்தாகிவிட்டன. இந்தியாவில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டு.

வரிசை முக்கியம். முதலில் மூலக் கோப்பின் நகலை எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு 'டக்' நீக்குதல், அதன் பிறகு வேகம், அதன் பிறகு இரைச்சல், கடைசியாக ஈக்குவலைசர். ஈக்குவலைசரை முன்னால் போட்டால் ஒவ்வொரு 'டக்'கும் அகன்று பரவும். பிறகு மென்பொருளால் அதைத் தனியாகப் பிடிக்க முடியாது. பெரிய 'டக்' பத்துப் பதினைந்து இருந்தால் அவற்றை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருத்துங்கள். பாட்டு முழுவதற்கும் ஒரே சொடுக்கில் நீக்கியை ஓட்டினால் ட்ரம்பெட்டுக்கு நேர்வதை மேலே சொன்னோம்.

இரைச்சலுக்கு, வாத்தியம் தொடங்கும் முன் வரும் வெற்றுப் பள்ளத்தில் ஒரு நொடியையாவது மாதிரியாகக் காட்டுங்கள். ஆடாசிட்டியில் குறைக்கும் அளவு 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 12 வைத்தால் முதல் கேட்பில் மயக்கும், இரண்டாம் கேட்பில் குருவிகள் வந்துவிடும். செய்து முடித்ததும் 'எச்சத்தை மட்டும்' கேட்கும் வசதியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நீக்கப்பட்டதில் வெறும் இரைச்சல் இருந்தால் சரி. அதற்குள் மெல்லியதாகப் பாட்டு கேட்டால், தூக்கி எறிவது இசையைத்தான். அளவைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

சேமிக்கும்போது கோப்பின் பெயரில் தேதி, ஊர், மேட்ரிக்ஸ் எண், டேக், ரீமாஸ்டர் செய்தவர் அல்லது எடுத்த இடம் ஆகியவற்றைச் சேருங்கள். ஆம்ஸ்ட்ராங் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பாட்டைப் பின்னாளில் திரும்பவும் வாசித்திருக்கிறார். பாட்டின் பெயரை மட்டும் வைத்திருந்தால் ஆறு மாதத்தில் எது 1928, எது பிந்தையது, எது ஜேஎஸ்பி, எது நீங்கள் துடைத்தது என்று குழம்பிவிடும்.